லாரி ஓட்டிக்கொண்டே பால்மாற்றம்: திருநர் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கம் லாரி ஓட்டும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் எழுதியது இது. ஹார்மோன் தொடங்கப் போகிறவர்கள், தொடங்கிவிட்டவர்கள், பெயரை மட்டும் மாற்றப் போகிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்பதைப் பல மருத்துவர்கள் யோசிப்பதில்லை. அதனால் அந்தப் பகுதியை இங்கே விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

மாற வேண்டுமென்றால் வண்டியை விட்டு இறங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஹார்மோன் எடுப்பவர் கனரக வாகனம் ஓட்டக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ஓட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தி வைக்கவோ வேண்டிய காலம் இரண்டுதான். ஒன்று, புது மருந்து தொடங்கும் அல்லது அளவு கூட்டும் முதல் ஒன்றிரண்டு வாரம். இன்னொன்று, அறுவை சிகிச்சைக்குப் பிறகான ஓய்வு. மற்றபடி நடைகளை மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஏற்றபடி அமைத்துக்கொண்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புது மாத்திரையைப் போட்டுக்கொண்ட அன்றே டெல்லி லோடு ஏற்றிக் கிளம்பாதீர்கள். தலைசுற்றலோ அசதியோ வருமானால் அது உள்ளூர் நடையில் தெரியட்டும்.

உரிமம் புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்கிறார்களே, ஹார்மோன் எடுப்பதைச் சொன்னால் மறுப்பார்களா?

போக்குவரத்து வாகன உரிமத்துக்கு படிவம் 1-ஏ வேண்டும். அதில் மருத்துவர் பார்ப்பது பார்வை, நிறம் பிரித்தறிதல், மாலைக்கண், செவித்திறன், கை கால் அசைவு போன்றவற்றை. பால்மாற்றம் பற்றியோ ஹார்மோன் பற்றியோ அதில் கேள்வி இல்லை. பால் அடையாள மாறுபாட்டை உலக சுகாதார நிறுவனம் தனது ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் மனநோய்களிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் மனநோய் என்று சொல்லி யாரும் சான்றை நிறுத்த முடியாது.

படிவம் 1-இல் நீங்களே கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியில் வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்ற கேள்வி வரும். மாத்திரையால் தலைசுற்றல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்யுங்கள். அது நின்ற பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கேள்வி உங்கள் உயிருக்கும் எதிரே வருபவர் உயிருக்கும் சம்பந்தப்பட்டது.

எந்தக் காகிதத்தை முதலில் மாற்றுவது?

மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் சான்றிதழும் அடையாள அட்டையும்தான் முதலில். 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 2020 விதிகளும் இதற்கு வழி வைத்தன. திருநருக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2020 விதிகள் கேட்டது அவற்றில் உள்ள படிவம் 1-ஐயும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தையும் மட்டும். மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது, 30 நாளில் சான்றிதழ் தர வேண்டும் என்றும் அவை சொல்லின. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள் என்பதை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத் திருத்தம் வந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.

லாரிக்காரர்கள் இடறும் இடம் முகவரி. அந்த மாவட்டத்தில் 12 மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். மாதத்தில் பாதி நாள் கேபினில் படுப்பவருக்கு வீட்டு முகவரிதான் முகவரி. வீட்டை விட்டு வந்து வேறு ஊரில் தங்கியிருந்தால் வாடகை ஒப்பந்தத்தை உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அது தேவைப்படும்.

சான்றிதழ் வந்ததும் ஆதார், அடுத்து வங்கிக் கணக்கு, பான் அட்டை, அதன் பிறகு ஓட்டுநர் உரிமம். போக்குவரத்துத் துறையின் சாரதி தளம் ஆதாரை வைத்தே ஆளைச் சரிபார்ப்பதால் ஆதாருக்கு முன்னால் உரிமத்தைத் தொட்டால் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். ஆட்சியர் சான்றிதழைக் காட்டி விண்ணப்பித்தால் பெயர், பாலினம், படம் ஆகியவற்றை 15 நாளில் மாற்றித் தர வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. கவுன்டரில் இழுத்தடித்தால் அந்த விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆதாரில் 'திருநர்' என்று போடலாமா, 'பெண்' அல்லது 'ஆண்' என்றா?

அவசரப்படாதீர்கள். ஆதாரில் பாலினத்தை ஒரே ஒருமுறைதான் சாதாரணமாக மாற்ற முடியும், பெயரை இருமுறை. முதல் சான்றிதழை வைத்து 'திருநர்' என்று மாற்றிவிட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு திருத்திய சான்றிதழோடு 'பெண்' என்று மாற்றப் போனால் மையத்தில் ஏற்க மாட்டார்கள். மண்டல அலுவலகத்துக்கு எழுதிப் போராட வேண்டியிருக்கும். ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது உறுதி என்றால் இப்போது பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பாலினத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. அப்படித் திட்டம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

புது உரிமம் வரும்வரை பழைய உரிமத்தில் ஓட்டலாமா?

ஓட்டலாம். பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டதால் உரிமம் செல்லாமல் போகாது. உரிம எண்ணும் கனரக வாகனத் தகுதியும் அப்படியே தொடரும். ஆனால் காலாவதித் தேதியைக் கவனியுங்கள். போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுக்குத்தான், அபாயகரமான சரக்கு வண்டி என்றால் 3 ஆண்டு. முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. காலாவதிக்கு ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால் பெயர் மாற்றத்தையும் புதுப்பித்தலையும் அருகருகே முடித்துக்கொள்வது வசதி, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் லீவு மிச்சமாகும்.

டேங்கர் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சிச் சான்றிதழ் பழைய பெயரில் இருக்கும். எரிவாயு ஆலை, துறைமுக கேட்டுகளில் ஆதார், உரிமம், பயிற்சிச் சான்று மூன்றையும் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் பெயர் வேறாக இருந்தால் வண்டி வெளியே நிற்கும். பயிற்சி நிறுவனத்தில் பெயர் மாற்றிய நகல் வாங்கும்வரை ஆட்சியர் சான்றிதழின் நகலையும் பழைய உரிமத்தின் நகலையும் லாரிக் காகிதங்களோடு வையுங்கள். முகம் மாற மாற உரிமத்துப் படமும் ஒத்துப்போகாது. அதற்கும் இதே நகல்கள் பதில் சொல்லும்.

சொந்த வண்டி வைத்திருக்கிறேன். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) பெயரை எப்படி மாற்றுவது?

இது உரிமை மாற்றம் அல்ல, பெயர் திருத்தம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 29, 30 நீட்டினால் வாங்காதீர்கள், அவை வண்டி விற்கும்போது போடுபவை. கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி. மாறிய அன்றே இன்சூரன்ஸ் பாலிசியிலும் பெயரைத் திருத்தி எழுதி வாங்குங்கள், பிறகு பெர்மிட், பாஸ்டேக். ஆர்.சி.யில் ஒரு பெயர், பாலிசியில் வேறு பெயர் என்று இருக்கும்போது வண்டி அடிபட்டால் கிளெய்ம் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஹார்மோனை எங்கே தொடங்குவது?

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் திருநருக்கான சிறப்பு மருத்துவப் பிரிவுகள் உள்ளன. வேறு ஊர்களிலும் வந்திருக்கின்றன. எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டு அந்த நாளுக்கு ஊரில் இருக்கும்படி லோடு எடுங்கள். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை இருக்கும்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் விந்தணு, கருமுட்டை சேமிப்பைப் பற்றித் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் திருநங்கைகளிடம் பரவலாக இருக்கிறது. மாலா-டி போன்றவற்றில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரடையாலைவிட அது ரத்தம் உறைவதை அதிகம் தூண்டும். பத்து மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டும் ஆளுக்கு இதைவிட ஆபத்தான தேர்வு கிடையாது. தயவுசெய்து அதை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஸ்பைரனோலாக்டோன் எடுக்கிறேன். ரோட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

திருநங்கைகளுக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரை இது. அல்டாக்டோன் என்ற பெயரில் கிடைக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும். கூடவே இரண்டு வேலை செய்யும்: சிறுநீரைக் கூட்டும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். இந்த இரண்டும் லாரிப் பிழைப்போடு மோதும்.

கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது பெரும்பாலான ஓட்டுநர்களின் வழக்கம். சித்திரை வெயிலில் இந்த மாத்திரையோடு அப்படிச் செய்தால் ரத்த அழுத்தம் இறங்கும். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. சுங்கச்சாவடி தாண்டி வண்டியை ஓரங்கட்டி, கேபின் படியில் கால் வைத்து இறங்கும் அந்த நொடியில் கண் இருட்டும். அதனால் கதவைத் திறந்ததும் குதிக்காதீர்கள். சீட்டில் திரும்பி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, அரை நிமிடம் கழித்து, கம்பியைப் பிடித்தபடி பின்பக்கமாக இறங்குங்கள்.

அடுத்தது இளநீர். சாலையோரத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு குடிப்பவர்கள் உண்டு. ஒரு காயில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். இந்த மாத்திரையோடு அவ்வளவு குடித்தால் பொட்டாசியம் அளவு மீறி ஏறலாம், ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஓ.ஆர்.எஸ். பொடியிலும் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைந்த உப்பிலும் உண்டு. தாகத்துக்கு வெறும் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் போதும், இளநீர் எப்போதாவது ஒன்று.

மூன்றாவது, முதுகுவலி மாத்திரை. டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் இரண்டும் ஸ்பைரனோலாக்டோனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். பாராசிட்டமால் பரவாயில்லை. மெடிக்கலில் "முதுகு வலிக்குது, ஏதாவது குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோபெனாக் கலந்ததுதான் வரும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மாத்திரையைக் காலையில்தான் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓட்டம் முடிந்து வண்டி நிற்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு இதற்குப் பதிலாக சைப்ரோட்டிரோன் தருவார்கள். அதில் பொட்டாசியப் பிரச்சினை இல்லை, ஆனால் முதல் வாரங்களில் அசதி வரும். இரவு ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டிய வாரங்கள் அவை.

உட்கார்ந்தே ஓட்டுவதால் ரத்தக்கட்டு வரும் என்கிறார்களே?

நீண்ட நேரம் உட்கார்வது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், பீடி சிகரெட் மூன்றும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது. ஈஸ்ட்ரோஜனை விட முடியாது, உட்காராமல் ஓட்ட முடியாது, விடக்கூடியது புகை மட்டும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி வண்டியை இரண்டு சுற்று சுற்றி டயர் பாருங்கள், கெண்டைக்கால் வேலை செய்யும். 40 வயதைத் தாண்டியவர், உடல் பருமன் உள்ளவர், குடும்பத்தில் ரத்தக்கட்டு வந்தவர் என்றால் மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஈஸ்ட்ரடையால் ஜெல் கேளுங்கள். அதில் ஆபத்து குறைவு.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் அடுத்த ஊர்வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் வண்டியை ஓரங்கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் ஊசியா, ஜெல்லா?

லாரிக்காரருக்கு வசதியானது நீண்டநாள் ஊசி. டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் 1000 மில்லிகிராம், இங்கே செர்னோஸ் டிப்போ என்ற பெயரில் கிடைக்கும். முதல் ஊசிக்கு 6 வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. விலை கூடுதல்தான், ஆனால் நடுவழியில் ஊசி போட ஆள் தேட வேண்டாம். சஸ்டனான் 250 விலை குறைவு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நிலக்கடலை எண்ணெயில் கலந்தது என்பதால் கடலை ஒவ்வாதவர்களுக்கு ஆகாது.

அண்டெகனோயேட் 4 மில்லி எண்ணெய் மருந்து, இடுப்புத் தசையில் மெதுவாக ஏற்ற வேண்டும். அரிதாக எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். அதனால் ஊசி போட்டு 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். அன்று வண்டி எடுக்க வேண்டாம். போட்ட பக்கம் இரண்டு நாள் சீட்டில் உட்கார வலிக்கும்.

ஜெல் தினமும் தடவ வேண்டும். காயும் முன் இன்னொருவர் தோலில் பட்டால் மருந்து அவருக்குப் போய்விடும். கேபினில் ஒரே படுக்கையை மாற்று ஓட்டுநரோ கிளீனரோ பங்கிடுவதால் தடவிய இடத்தைச் சட்டையால் மூடி, உங்களுக்குத் தனி விரிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆல்கஹால் உண்டு, ஸ்டவ் பக்கத்தில் தடவாதீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரத்தம் கெட்டியாவது முதலாவது. பரிசோதனையில் ஹிமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள். இரண்டாவது தூக்கம். குறட்டை புதிதாக வந்து, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம். உடனே சொல்லுங்கள், இரவு ஓட்டுபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

குரல் 1 முதல் 6 மாதத்தில் உடையத் தொடங்கும், மாதவிடாயும் அதே காலத்தில் நிற்கும். நின்றாலும் கரு உண்டாகாது என்று எண்ண வேண்டாம்.

மருந்தை லாரியில் எங்கே வைப்பது?

பெரும்பாலான மருந்துகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். மே மாதம் பூட்டி நிறுத்திய கேபினில் சூடு அதைவிட மிக அதிகம். டேஷ்போர்டு, முன்பெட்டி, பானெட் பக்கம் எதுவும் வேண்டாம். படுக்கைக்கு அடியில், ஈரமில்லாத வெறும் பிளாஸ்கில் போட்டு, துணி சுற்றி வையுங்கள். எண்ணெய் ஊசியை ஐஸில் வைக்கக் கூடாது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம், ஆனால் வண்டி நிற்கும்போது அதுவும் நின்றுவிடும்.

மார்பு இறுக்கும் உள்ளாடை போட்டு ஓட்டலாமா?

8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், போட்டபடி தூங்கக் கூடாது. தார்ப்பாய் கட்டும்போதும் ஜாக்கி போடும்போதும் கழற்றிவிடுங்கள், அப்போது ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும். மேலே தளர்ந்த சட்டை போதும். கிரேப் பேண்டேஜ், பேக்கிங் டேப் சுற்றுவது கூடவே கூடாது. மூச்சுக்கு மூச்சு இறுகி விலா எலும்பைப் பாதிக்கும். திருநங்கைகள் இறுக்கக் கட்டும் உள்ளாடையை நீண்ட ஓட்டத்தில் தளர்த்திவிடுவது நல்லது. வியர்வையில் படை வரும், சிறுநீரை அடக்கத் தூண்டும், அதிலிருந்து தொற்று.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள் ஓட்டக் கூடாது?

விதைப்பை நீக்கத்துக்கு சுமார் 2 வாரம், லோடு தூக்க 4 வாரம். மார்பு அறுவைக்கு 4 முதல் 6 வாரம். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியென்றால் 8 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பை நீக்கத்துக்கு 6 வாரம். கிளட்ச் மிதிக்கும்போது அடிவயிறு இழுக்கும்.

பெண்ணுறுப்பு அமைக்கும் சிகிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 6 முதல் 8 வாரம் நேராக உட்காரவே சிரமம். முதல் சில மாதங்கள் ஒரு நாளைக்குப் பல முறை, சுத்தமான இடத்தில் படுத்து, விரிவுபடுத்தும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். விட்டால் பாதை சுருங்கிவிடும், மறுபடி சரிசெய்வது கடினம். லாரி கேபினில் அது நடக்காது. குறைந்தது 3 மாதம் தொலைதூர ஓட்டம் இல்லை என்று பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே தேதி வாங்குங்கள். விதைப்பை நீக்கிய பிறகு ஸ்பைரனோலாக்டோன் பொதுவாகத் தேவைப்படாது, ஈஸ்ட்ரோஜன் தொடரும்.

ஓனரிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

கிளீனருக்கோ புக்கிங் ஆபீஸுக்கோ தெரியும் முன் ஓனருக்கு உங்கள் வாயால் தெரிவது நல்லது. வாட்ஸ்அப் குரூப் வழியாகத் தெரிந்தால் அவருக்கு முதலில் வருவது கோபம். கதை நீள வேண்டாம். "அண்ணே, வண்டி ஓட்டுறதுல ஒண்ணும் மாறல. பேரு மாறுது, லைசென்ஸ்லயும் மாறிடும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு நாள் ஆஸ்பத்திரி இருக்கு, முன்கூட்டியே சொல்லிடுறேன்." இவ்வளவு போதும். ஓனர்கள் முதலில் கேட்பது கேட் பாஸும் இன்சூரன்ஸும் என்ன ஆகும் என்பதுதான். பதிலோடு போங்கள்.

திருநர் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவது 2019 சட்டத்தின்படி தவறு. நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும், அவர் 15 நாளில் விசாரிக்க வேண்டும். ஒரு வண்டி இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் அதெல்லாம் இருக்காது. அங்கே ஓட்டுநர் சங்கமும் மாவட்ட சமூக நல அலுவலகமும்தான் வழி. பேட்டா பாக்கியை வாங்கிய பிறகு புகாரைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

இரவு எங்கே நிறுத்துவது?

இருட்டான ஓரத்தில் தனியாக நிறுத்தாதீர்கள். நெடுஞ்சாலையில் தனியே நிற்கும் திருநங்கையைப் பாலியல் தொழிலாளி என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள், தொல்லை அதிலிருந்து தொடங்குகிறது. விளக்கும் கேமராவும் உள்ள பெரிய பங்க் நல்லது. சில எண்ணெய் நிறுவனப் பங்குகளில் 'அப்னா கர்' என்ற ஓட்டுநர் ஓய்வறைகள் உண்டு, குளியலறையும் இருக்கும். ஆனால் பொதுக்கூடப் படுக்கை, அதனால் திருநங்கைகள் குளித்துவிட்டுக் கேபினிலேயே படுப்பதுதான் பாதுகாப்பு. கதவை உள்ளே பூட்டி, நிறுத்திய இடத்தை நம்பிக்கையான ஒருவருக்கு போனில் அனுப்பிவிடுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

போலீஸ் நிறுத்திக் கேலி செய்தால்?

முதலில் காகிதம். டிஜிலாக்கரில் உள்ள உரிமமும் செல்லும். மருந்துச் சீட்டையும் கூடவே வையுங்கள், ஊசியும் சிரிஞ்சும் பையில் இருந்தால் போதை மருந்து என்று சந்தேகப்படுவார்கள். சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். நாக்பூரில் மாத்திரை தீர்ந்தாலும் அந்தச் சீட்டைக் காட்டி வாங்க அது உதவும்.

சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல், தன்பாலின இணையர் பாதுகாப்புக் கேட்ட சுஷ்மா வழக்கில் தந்த உத்தரவைத் தொடர்ந்து, 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. திருநரையும் பால்புதுமையினரையும் (தன்பாலின ஈர்ப்பாளர் போன்றோரையும்) காவலர் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. அதை மீறினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், நேரம், இடம், காவலர் பெயர்ப்பட்டை, வண்டி எண் வேண்டும். பிற மாநிலங்களில் இந்த விதி இல்லை. அங்கே 2019 சட்டத்தின் 18-ஆம் பிரிவு இருக்கிறது, உடலாலோ சொல்லாலோ கொடுமை செய்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. ஆனால் நடுரோட்டில் சட்டம் பேசி ஜெயிப்பதைவிட வண்டியோடு நகர்ந்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் எழுதிப் போடுவது மேல்.

மருந்து நடுவழியில் தீர்ந்துவிட்டால்?

ஒரு வாரம் விட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. திருநங்கைகளுக்கு உடல் சூடாகி வியர்க்கும், மனம் சோரும். விட்டதைச் சேர்த்து இரண்டு மடங்காகப் போடாதீர்கள், கிடைத்த நாளிலிருந்து பழைய அளவையே தொடருங்கள். விதைப்பையோ சினைப்பையோ நீக்கியவர்கள் மாதக்கணக்கில் விடக் கூடாது, எலும்பு தேயும். நடை 10 நாள் என்றால் 15 நாளுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.